கொழும்பில் தடுப்பூசிக்கு எங்கே போவது, டொக்டரிடம் நம்பர் எடுப்பது எப்படி

கொழும்புக்கு வீடு மாறி வருகிற இளம் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "பிள்ளையை எந்த டொக்டரிடம் பதிய வேண்டும்?" என்றுதான். லண்டனில் இருக்கிற மச்சாள் அங்கே ஒரு குடும்ப டொக்டரிடம் பதிந்த கதையைப் போனில் சொல்லியிருப்பார், அதுதான் காரணம். இங்கே அப்படிப் பதிகிற முறை கிடையாது. இன்றைக்கு ஒரு டொக்டர், நாளைக்கு இன்னொருவர், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் தடுப்பூசியின் கணக்கு வேறு. அதற்கு நீங்கள் எந்த டொக்டரிடம் காட்டுகிறீர்கள் என்பது முக்கியமில்லை, எந்த ஒழுங்கையில் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

நாடு முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எல்லோரும் எம்.ஓ.எச். என்று சொல்வது இதைத்தான். இப்படியான முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது, அதாவது ஆள் பழசு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சின்னச் சின்னப் பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்ப சுகாதார உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர். கர்ப்பிணி யார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி மிச்சம் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். அவருடைய பெயர், போன் நம்பர், உங்கள் பகுதிக் கிளினிக் எந்தக் கிழமை எந்தக் கட்டிடத்தில் நடக்கிறது, இந்த மூன்றும் கையில் இருந்தால் அரைவாசி வேலை முடிந்த மாதிரி.

கொழும்பு 1 முதல் 15 வரை உள்ள இடங்கள், அதாவது கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொட, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கிருலப்பனை எல்லாம், மாநகர சபை எல்லைக்குள் வருகின்றன. இங்கே தாய் சேய் கிளினிக்குகளை நடத்துவது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். வெள்ளவத்தையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தெஹிவளைக்குப் போய்விட்டால் அது வேறு எம்.ஓ.எச்., கொலன்னாவை வேறு, வத்தளை என்றால் மாவட்டமே மாறிக் கம்பஹா. அதனால்தான் காலி வீதியில் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி வீடு மாறினவருக்கும் கிளினிக் மாறிவிடுகிறது. வீடு மாறினால் பழைய மிட்வைஃபிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், புது இடத்தில் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

மிட்வைஃபைக் கண்டுபிடிப்பது எப்படி? பக்கத்து வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை வைத்திருக்கிற தாயிடம் கேட்பதுதான் ஆக வேகமான வழி. வீடுகள் நெருக்கமாக இருக்கிற தோட்டங்களிலும் லேன்களிலும் இது ஐந்து நிமிட வேலை. மாடி வீட்டுத் தொகுதிகளில்தான் சிக்கல், கீழே காவலாளி உள்ளே விடாததால் மிட்வைஃப் திரும்பிப் போய்விடுவார், மேலே இருக்கிறவர்களுக்கு அவர் வந்ததே தெரியாது. அப்படியென்றால் நேரே எம்.ஓ.எச். ஒபிஸுக்கோ மாநகர சபைக்கோ போன் எடுத்து முகவரியைச் சொன்னால் எந்தக் கிளினிக் என்று சொல்வார்கள், கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். வாடகை வீடு, யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து தங்கியிருக்கிறோம், வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரில்தான் இருக்கிறது என்று தயங்குகிறவர்கள் நிறைய. தயங்கத் தேவையில்லை, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, ஊசிகளுக்கு வருவோம். தேசிய தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது, அதில் இருக்கிற எதற்கும் கிளினிக்கில் காசு இல்லை. பிறந்த உடனே, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே, காசநோய்க்கான பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அப்புறம் 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடுகிற பென்டாவேலன்ட், கூடவே போலியோ சொட்டு, முதல் இரண்டு தடவையும் போலியோவுக்குக் கையில் ஒரு சின்ன ஊசியும். 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர்., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு, ஒன்றரை வயதில் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), கக்குவான், ஏற்புவலி (டெட்டனஸ்) மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் போலியோவும், 3 வயதில் எம்.எம்.ஆர். இரண்டாவது, 5 வயதில் தொண்டைக்கரப்பானுக்கும் ஏற்புவலிக்கும் ஒன்று, கூடவே கடைசிப் போலியோ சொட்டு. மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லாம் பிள்ளையின் கொப்பியில் அச்சடித்தே இருக்கிறது.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வீட்டில் எங்கேயோ அலுமாரிக்குள் போட்டுவிட்டு, பள்ளிக்கூட அனுமதி நேரத்தில் தேடுகிறவர்கள் அதிகம். குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு என்பது முழுப்பெயர், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம். தமிழிலும் உண்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் அவசரத்தில் கையில் கிடைத்த சிங்களக் கொப்பியைத் தந்துவிடுவார்கள், "தமிழில் தாங்கோ மிஸ்" என்று அப்போதே கேளுங்கள். தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஊசியின் பெயர், போட்ட திகதி, மருந்தின் தொகுதி இலக்கம், பின்னால் ஏதும் விளைவு இருந்ததா என்று எழுத இடம். ஊசி போட்டு முடிந்து பிள்ளை வீரிட்டு அழும்போது யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள், ஆனாலும் கிளினிக் கதவைத் தாண்டுவதற்கு முன் திகதியும் இலக்கமும் எழுதியாயிற்றா என்று ஒரு கண் பாருங்கள். நாளைக்குக் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போனால் அங்கே கேட்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான். பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா என்று குறிக்கவும் அதில் ஓர் இடம் இருக்கிறது, இடது தோளில் தழும்பு வரவில்லை என்றால் ஆறு மாதம் ஆனதும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். கொப்பி தொலைந்தாலும் தலையில் கை வைக்க வேண்டாம், கிளினிக்கிலும் மிட்வைஃபிடமும் பதிவு இருக்கும், அதைப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்கலாம்.

கிளினிக்குக்கு முன்கூட்டி நேரம் எடுப்பது என்று பொதுவாக ஒன்றும் இல்லை. குறித்த கிழமையில் காலையில் போய் நம்பர் எடுத்து உட்கார வேண்டும், பிள்ளையை நிறுப்பார்கள், கொப்பியில் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைப்பார்கள், நிறை குறைந்திருந்தால் திரிபோஷ சத்துமா பற்றியும் சொல்வார்கள், பிறகு டொக்டர் பார்த்து, ஊசி. "பத்து மணிக்கு மேலே போனால் கூட்டம் குறைவு" என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். எம்.எம்.ஆர். போன்ற மருந்துகள் தூளாக வருகின்றன, ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான அளவு, கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் வீசவேண்டியதுதான். நேரம் தாண்டி ஒரே ஒரு பிள்ளைக்காகப் புதுக் குப்பி உடைக்க அவர்கள் யோசிப்பது சோம்பலில் இல்லை. ஊசி போட்டதும் ஓடிப்போய் ஆட்டோ பிடிக்காமல் 20 நிமிடமாவது அங்கேயே இருங்கள், அபூர்வமாக வரும் ஒவ்வாமை வந்தால் மருந்தும் ஆளும் அங்கேதான் இருக்கும். பென்டாவேலன்ட்டுக்குப் பிறகு அன்றிரவு காய்ச்சல் வருவதும் கால் கொஞ்சம் வீங்குவதும் வழமை, பரசிட்டமோல் எவ்வளவு கொடுக்கலாம் என்று நிறைக்கு ஏற்ப அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடிமன், இலேசான இருமல் என்று ஊசியைத் தள்ளிப்போடுகிற பழக்கம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது, அம்மம்மாமார் விடமாட்டார்கள். கடும் காய்ச்சல் என்றால் சரி, மூக்கு ஒழுகுவதற்காக நிறுத்தத் தேவையில்லை. தவறிப்போயிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், ஏசுவார்களே என்று பயந்து போகாமல் இருப்பதுதான் மோசம். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது, நாலே வருடத்தில், 2023இல், திரும்ப வந்தது, அதிலும் கொழும்பில் நன்றாகவே வந்தது. கொவிட் காலத்தில் விடுபட்ட ஊசிகளும் ஒரு காரணம். 9 மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் நோய் வந்ததால் 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூட வயதில் ஊசி பள்ளிக்கூடத்துக்கே வரும். ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, 2017இலிருந்து இது இலவசத் திட்டத்தில் இருக்கிறது. வெளியில் காசுக்குப் போடப் போனால் விலையைக் கேட்டே திரும்பிவிடுவீர்கள், ஆகவே பள்ளியிலிருந்து வருகிற சம்மதக் கடிதத்தைப் பையின் அடியில் கிடக்க விடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஏழாம் வகுப்பில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பானுக்கு ஒன்று. அன்றைக்குப் பிள்ளை வராவிட்டாலோ, சர்வதேசப் பாடசாலை என்பதால் விடுபட்டாலோ, எம்.ஓ.எச். ஒபிஸில் கேளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் போடலாமா என்றால், தாராளமாக, காசு உங்களுடையது. சின்னம்மை, நியூமோகொக்கஸ், ரோட்டா வைரஸ், ஃப்ளூ ஊசிகள் இலவச அட்டவணையில் இல்லை, அவை வேண்டுமென்றால் தனியாரிடம்தான். ஆனால் அட்டவணையில் இருக்கிற ஊசிக்கே காசு கட்டி, "அது நல்ல மருந்து" என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எங்கே போட்டாலும் அந்தக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், மிட்வைஃபுக்கும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊசி விடுபட்டதென்று தேடி வருவார்.

இனி, வருத்தம் என்றால். தாய் சேய் கிளினிக் காய்ச்சலுக்கு மருந்து தருகிற இடம் இல்லை, அங்கே காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோனால் மற்றக் குழந்தைகளுக்குத்தான் கெடுதி. இலவசமாகக் காட்ட மாநகர சபையின் மருந்தகங்கள் இருக்கின்றன, பெரியாஸ்பத்திரியில் ஓபிடி, அதாவது வெளிநோயாளர் பிரிவு, இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொரளையில் ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, தெற்குப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி. ஓபிடிக்குக் காலையில் போய்த் துண்டு எடுத்து வரிசையில் நிற்பதுதான் வழி. தெருமுனை டிஸ்பென்சரி டொக்டர் என்றால் போனில் நம்பர் கேட்கலாம், பலர் அரச ஆஸ்பத்திரி வேலை முடித்து மாலையில்தான் உட்காருவார்கள், "எத்தனை மணிக்கு" என்று கேட்பதைவிட "இப்போது எத்தனையாவது நம்பர் போகிறது" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது புத்தி. விசேட வைத்திய நிபுணரைச் சனல் பண்ண, அதாவது காசு கட்டித் தனியாரில் நேரம் எடுக்க, 225க்கு அடிக்கலாம், இணையத்திலும் செய்யலாம், ஆனால் அதே நிபுணர் பெரும்பாலும் ஓர் அரச ஆஸ்பத்திரியிலும் கிளினிக் வைத்திருப்பார், ஓபிடி டொக்டரோ உங்கள் டிஸ்பென்சரி டொக்டரோ ஒரு கடிதம் தந்தால் அங்கே காசில்லாமல் காட்டலாம். மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அது உண்மை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் மாதிரி அவசரம் என்றால் இதெல்லாம் வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மொழி விடயத்தில் ஒன்று. அரச அலுவலகத்தில் தமிழில் சேவை பெறுவது உரிமை, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது. கிளினிக் வரிசையில் நின்று அரசியலமைப்பை எடுத்துக்காட்டப் போவதில்லைதான், ஆனால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்வதற்கும், புரியாத படிவத்தில் கையெழுத்துப் போடாமல் விளக்கம் கேட்பதற்கும் கூச்சப்படாதீர்கள்.

பெரியவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஏற்புவலி ஊசி கிளினிக்கிலேயே கிடைக்கும், கலியாணத்துக்கு முன் ருபெல்லா ஊசி போடாத பெண்கள் அதையும் அங்கே கேட்கலாம், ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது அது கூடாது. நாய் பூனை கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரி, விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம், மஞ்சள் அரைத்துப் பூசி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டுப் பயண ஊசிகளுக்குக் கொழும்பு 8இல் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், எம்.ஆர்.ஐ. ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களின் மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் ஆபிரிக்கப் பயணத்துக்கான மஞ்சள் காய்ச்சல் ஊசியும் அங்கே போடலாம். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், டிக்கெட் போடுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.