கோழிவலையை எந்தப் பக்கம் விரிப்பது?

டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். "மாமா, டிவி ஆன்டெனாவுக்குக் கம்ப்யூட்டர் மாடல்ல பதினஞ்சு டிபி காட்டுது. செஞ்சு மாட்டினா பாதி சேனல் கட்டம் கட்டமா உறைஞ்சு நிக்குது. எங்க தப்பு?" டிபி என்பது சிக்னல் எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் அளவு.

வேலூர் தோட்டப்பாளையத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். ஒரு காலத்தில் ஆன்டெனா ஏற்றுவதுதான் பாதிப் பிழைப்பு. தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை 2022 வாக்கில் நாடு முழுவதும் பெரும்பாலும் நிறுத்திவிட்டதால், இங்கே மொட்டை மாடியில் நிற்கும் பழைய கம்பிகள் இப்போது காக்கா உட்காரத்தான். அமெரிக்காவில் கதை வேறு. 2009 ஜூன் 12-ல் அவர்கள் டிஜிட்டலுக்கு மாறினார்கள். படம் இன்னும் காற்றில் இலவசமாக வருகிறது, யு.எச்.எஃப். என்ற மேல் அலைவரிசை என்றால் 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபிள் கட்டணம் கட்டி அலுத்த நம் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே ஆன்டெனா செய்கிறார்கள். இங்கேயும் பாலிடெக்னிக் பையன்கள் புராஜெக்ட் என்று லேப்டாப்போடு கடைக்கு வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: பின்னால் கட்டும் வலையில்.

வலை எதற்கு? நடுவில் ஒயர் இணைத்த நேர்க் கம்பியான டைபோலோ, வண்ணத்துப்பூச்சி போல விரித்த 'போ-டை' கம்பிகளோ, தனியாக நின்றால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும். பின்பக்கக் காதை அடைத்து அந்தப் பங்கையும் முன்பக்கம் திருப்பிவிடுவது ரிஃப்ளெக்டர். நன்றாக வேலை செய்தால் சிக்னல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதாவது 3 டிபி. இதைவிடப் பெரிய லாபம், பின்னாலிருக்கும் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் அலை உள்ளே நுழையாது. அனலாக் காலத்தில் அந்தத் திரும்பிய அலை படத்துக்குப் பக்கத்தில் பேய் மாதிரி இன்னொரு நிழலாகத் தெரியும், அதோடேயே படம் பார்ப்போம். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. அமெரிக்க முறையில் சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 15 டிபி மேலே இருந்தால் பளிச்சென்று படம், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை.

இதற்குத் தகடு தேவையில்லை. ஓட்டை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அலைக்கு அது சுவர் மாதிரிதான். 608 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 49 செ.மீ. ஆகவே ஒரு அங்குல வலை தாராளம். இரண்டு அங்குல வேலிக்கம்பி வலை விளிம்பில் நிற்கும், கொஞ்சம் ஒழுகும். கொசுவலை மெஷ் வாங்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆதாயம் ஒன்றும் கூடாது, காற்றில் பாய்மரமாகிவிடும்.

சரி, அவன் வலையும் ஒரு அங்குலம்தான், அறுகோணக் கோழிவலை. போட்டோ அனுப்பச் சொன்னேன். தோட்டத்து வேலியில் மிச்சமாகிக் கிடந்த பழைய சுருள். முறுக்கெல்லாம் செம்பழுப்பாகத் துரு. சுருளின் நீளப் பக்கத்தைச் செங்குத்தாக வைத்து அடித்திருந்தான்.

கோழிவலையை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் சுருளின் நீளவாக்கில்தான் ஓடுகிறது. போகிற வழியில் இடப்பக்கத்துக் கம்பியோடு ஒரு முறுக்கு, அடுத்து வலப்பக்கத்துக் கம்பியோடு ஒரு முறுக்கு. நீளவாக்கில் மின்னோட்டம் போனால் அது அறுபடாத ஒரே கம்பியில் நெளிந்து நெளிந்து போய்விடும். குறுக்கே போக வேண்டுமானால் ஒவ்வொரு முறுக்கிலும் கம்பி மாறிக் குதிக்க வேண்டும். பின்னிய பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலை என்றால் முறுக்குகள் பற்றவைத்ததுபோல ஒட்டியிருக்கும், எந்தப் பக்கம் வைத்தாலும் கவலையில்லை. துருப்பிடித்த வலையில் குதிப்பதற்கு நடுவே துரு இருக்கிறது. துருப்பிடித்த இணைப்பு சில நேரம், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போலவும் நடந்துகொள்ளும். பக்கத்தில் வலுவான டவர் இருந்தால் தேவையில்லாத இரைச்சலை அதுவே உண்டாக்கும்.

டிவி அலை பெரும்பாலும் கிடைவாட்டத்தில் அதிர்ந்து வருவது. அதனால் ரிஃப்ளெக்டரில் ஓட்டமும் கிடையாகத்தான் ஓடும். அவன் வலையில் அந்த ஓட்டம் துருவைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

இதை நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. குடும்பத்தோடு ஊட்டி போனபோது முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கண்ணாடிக்குத் தகடும் இல்லை, வலையும் இல்லை. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், அவ்வளவுதான். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், நம் டிவி அலைக்குப் பங்காளி மாதிரி. அதன் டைபோல்களும் கம்பிகள் ஓடும் அதே திசையில்தான் இருக்கின்றன. குறுக்குக் கம்பிக்கு அங்கே வேலையே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. வெல்ட் மெஷ் கிடைத்தால் இன்னும் நிம்மதி. கிடைக் கம்பிகள் முழுசாக இருந்தால் போதும்.

இனி மாடலுக்கு வருவோம். இந்தப் பிள்ளைகள் பயன்படுத்தும் இலவச மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது 'நெக்' என்ற கணக்குமுறை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எழுதப்பட்டது. கம்பியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஓட்டம் என்று கணக்குப் போடும். இரண்டு கம்பிகள் ஒரே புள்ளியில் முடிந்தால் அவை பழுதில்லாமல் சேர்ந்தவை என்று எடுத்துக்கொள்ளும். துரு என்று ஒன்று உண்டு என்பது அதற்குத் தெரியாது, சுருளை எந்தப் பக்கம் விரித்தாய் என்றும் கேட்காது.

அவன் 90 செ.மீ.க்கு 70 செ.மீ. வலையை ஒவ்வொரு ஓட்டையாக வரைந்திருந்தான். இரண்டாயிரம் துண்டுகளுக்கு மேல். துண்டு இரட்டிப்பானால் சமன்பாடு தீர்க்கும் நேரம் எட்டு மடங்காகும். 470-லிருந்து 608 வரை ஆறு ஆறு மெகாஹெர்ட்ஸாக ஓட்டினால் 24 தடவை அதே கணக்கு. "குறுக்குக் கம்பியை எல்லாம் எடுத்துடு. 2.5 செ.மீ. இடைவெளியில 29 கிடைக் கம்பி, ஒவ்வொண்ணும் 18 துண்டு, அது போதும்" என்றேன். 522 துண்டுகள். தீர்க்கும் நேரம் அறுபதில் ஒரு பங்காகக் குறைந்தது, விடை கிட்டத்தட்ட அதேதான்.

மாடல் காட்டிய அந்த 15 டிபி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான்கு போ-டை வைத்த ஆன்டெனாவுக்கு அது அதிகம். நஷ்டங்களையெல்லாம் பூஜ்யமாக்கி, வெட்டவெளியில் நிற்பதாக வைத்து, எல்லாத் திசைக்கும் சராசரி ஆதாயம் பார்க்கச் சொன்னேன். அது 1 வர வேண்டும், ஏனென்றால் உள்ளே கொடுத்த சக்திக்கு மேல் வெளியே வர வழியில்லை. அவனுக்கு 1.6 வந்தது. அதாவது மென்பொருள் 2 டிபி கடன் வாங்கிக் காட்டியிருக்கிறது. ஒயர் இணைக்கும் இடத்துத் துண்டையும் அதன் அக்கம்பக்கத்துத் துண்டுகளையும் ஒரே நீளம், ஒரே தடிமன் ஆக்கியதும் சராசரி 1-க்கு வந்தது, ஆதாயம் 13-ல் நின்றது. புராஜெக்ட் பையன்களிடமும் முதலில் இந்தச் சராசரியைத்தான் கேட்கிறேன். அதைப் பார்க்காமல் சொல்லும் டிபி எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, மாடலுக்கு மலை தெரியாது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ல் தொலைக்காட்சி தொடங்கியது. ஊருக்குக் கிழக்கே வரிசையாக மலை நிற்கும் வேலூரில் அதைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூஸ்டர் மேல் பூஸ்டர் போட்டும் சில தெருக்களில் புள்ளிதான் வரும், நாலு தெரு தள்ளி சாதாரண ஆன்டெனாவில் படம் வரும். எத்தனை டிபி சேர்த்தாலும் மலை நகராது.

அப்புறம் மாடி. போன வருடம் ஒரு பையன் இருபது அடி ஜி.ஐ. பைப்பில் வலையைக் கட்டி, தனி ஆளாகத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். வீட்டுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் மின்கம்பி. நான் கீழிருந்து கத்தியதில் பைப்பைப் படுக்க வைத்தான். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடம் இல்லையென்றால் அந்த மாடியில் ஆன்டெனா வேண்டாம். சித்திரை வெயிலுக்குப் பிறகு சாயங்காலம் இடி இடிக்கிற ஊர் இது. பைப்பை 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் எர்த்தோடு சேர்த்தே ஆக வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் இடி வரும்போது ஒயரைக் கழற்றிவிடுங்கள், மாடிக்கும் போகாதீர்கள். மணிக்கு 120 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் எழுபது, எண்பது கிலோ பாரம் ஏறும். சுத்தமான வலை என்றால் அதில் சின்னப் பங்குதான். தென்னை ஓலை, துணி, பிளாஸ்டிக் பை ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். குரங்கு தொங்கினால் என்ன பாரம் என்று எந்த மென்பொருளிலும் போட முடியாது.

அக்கா மகன் வலையைத் திருப்பி அடித்தான். உறைந்து நின்ற சேனல்களில் ஒன்றைத் தவிர எல்லாம் நிலைத்தன. புது வலை வாங்கிக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், அதையும் அவனிடம் சொன்னேன். மிச்சமிருந்த ஒன்று சேனல் 8. "அதுக்கும் வலையைத் திருப்பணுமா மாமா?" என்றான். அது வி.எச்.எஃப். என்ற கீழ் அலைவரிசை, 180 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல். 90 செ.மீ. வலை அதற்குக் கைக்குட்டை மாதிரி. தனியாக ஒரு டைபோல் வெட்டச் சொல்லியிருக்கிறேன், முனைக்கு முனை 78 செ.மீ.