பொதுக் கழிப்பறையில் பயப்பட வேண்டியது எதற்கு?

வெளியூர் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் நம்மிடையே ஏராளம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போய் நோயை வாங்கி வருவதைவிட, ஊர் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்வதே மேல் என்பது அவர்கள் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு வந்தால், "அந்த டாய்லெட்டுலதான் தொத்திக்கிச்சு" என்று பழி கழிப்பறை மேலேயே விழும்.

சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. வேறு யாரோ விட்டுப்போனதல்ல அது, நம் சொந்தக் குடலில் குடியிருப்பது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, மேலே ஏறி, சிறுநீர்ப்பையை அடைகிறது. பெண்களுக்கு இந்தப் பாதை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈ.கோலையின் மேற்பரப்பில் மிக நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றால் பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு பெருகத் தொடங்கும்.

இதற்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் முதல் தடுப்பே சிறுநீர்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேகமாக வெளியேறி, சுவரில் ஊன்றாத கிருமிகளை அடித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால், அந்தத் தடுப்பை நாமே அணைத்துவிட்டோம் என்று பொருள். கழிப்பறைக்குப் பயந்து செய்கிற காரியமே தொற்றுக்கு வழிவிடுகிறது. இதைப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். கழுவும்போது கை முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும், பின்னாலிருந்து முன்னால் வரக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் இன்னொரு பழக்கம் இருக்கிறது: இருக்கையில் படாமல் பாதி குனிந்தபடி நிற்பது. இங்கிலாந்தில் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் நடத்தி 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், 85 சதவீதம் பேர் பொதுக் கழிப்பறையில் இப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். அப்படி நிற்கும்போது சிறுநீர் வரும் வேகம் சராசரியாக 21 சதவீதம் குறைந்தது. பையில் மிஞ்சும் அளவு 149 சதவீதம் கூடியது. தொடையும் இடுப்பும் உடம்பைத் தாங்கிப் பிடிக்க இறுகியிருக்கும்போது, இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் தளர முடிவதில்லை. இண்டியன் டாய்லெட்டில் முழுதாகக் குந்தி உட்காருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் என்ன ஆகும்? தொடைத் தோல் முழுசாக, காயமில்லாமல் இருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகாது. எச்.ஐ.வி. இருக்கை வழியாகப் பரவாது. மேகவெட்டை, கிரந்தி போன்ற பால்வினை நோய்க் கிருமிகள் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில் அதிக நேரம் தாங்கமாட்டாதவை. ஈரம் தெரிந்தால் தண்ணீர் ஊற்றியோ டிஷ்யூவாலோ துடைத்துவிட்டு உட்காரலாம். தரை ஈரமாக இருக்கும் இடத்தில் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். சேற்றுப்புண் பூஞ்சைக்கு அந்த ஈரம் பிடிக்கும்.

உண்மையான ஆபத்து மலத்திலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்குப் போகிறது. நோரோ வைரஸ், சீதபேதியைத் தரும் ஷிகெல்லா பாக்டீரியா, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ எல்லாம் இந்த வழியில் வருகின்றன. நோரோ வைரஸில் 100 துகள்களுக்கும் குறைவாக உள்ளே போனாலே வாந்தி பேதி வரலாம். காய்ந்த பரப்பில் அது நாள்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும்.

நம்மூர்க் கழிப்பறையில் ஒருவர் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வலது கையால் மக்கைப் பிடித்து, இடது கையால் கழுவுகிறார். பக்கெட்டில் தண்ணீர் தீர்ந்தால் அதே இடது கை குழாயைத் திறக்கிறது. அப்புறம் தாழ்ப்பாள். வெளியே வந்து வாஷ்பேசின் குழாயைத் திறப்பதும் கழுவாத கைதான். கழுவி முடித்த கை அதே குழாயின் திருகைத் தொட்டு மூடுகிறது. இவ்வளவு இடங்களையும் அடுத்து வருபவர் வரிசையாகத் தொடுகிறார். அவர் எச்சரிக்கையாகப் பார்ப்பதோ இருக்கையையும் தரையையும்தான்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 12 கழிப்பறைகளின் பரப்புகளிலிருந்த பாக்டீரியாக்களை மரபணு வரிசை கொண்டு இனம் பிரித்தார்கள். 2011-இல் அது வெளியானது. கதவு, குழாய் போன்ற இடங்களில் மனிதத் தோலில் வாழும் பாக்டீரியாக்களே மிகுதி. சில ஃப்ளஷ் கைப்பிடிகளில் தரையில் உள்ளதைப் போன்ற கலவை இருந்தது. பலர் அருவருப்பில் அதைக் காலால் அழுத்துகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஒருவர் தன் கையைக் காத்துக்கொண்டதில் செருப்படி அழுக்கு அடுத்தவர் கைக்கு வந்துவிட்டது.

ஃப்ளஷ் செய்யும்போது மேலே எழும் நுண்துளிகளைப் பற்றிப் பலரும் இப்போது பேசுகிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 2022-இல் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்தபோது, மூடியில்லாத டாய்லெட்டிலிருந்து துளிகள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 8 நொடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தொட்டன. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் துளி எழுவது வேறு, அதனால் நோய் வருவது வேறு. அழுத்திவிட்டு முகத்தைக் குனியாமல் நகர்ந்துவிட்டால் போதும் என்பேன்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது கழிவுக் குழாய். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் என்ற சுவாச நோய் தொற்றியது. குளியலறைத் தரை வடிகாலின் அடியில் வளைவான குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். கழிவுக் குழாயின் காற்றை மேலே வரவிடாமல் அடைப்பது அதுதான். பல வீடுகளில் அது வறண்டு கிடந்திருக்கிறது. குளியலறையின் காற்றாடி, நோயாளியின் கழிவிலிருந்து எழுந்த துளிகளைக் குழாய் வழியாக உள்ளே இழுத்துவிட்டது என்பதே விசாரணையில் சொல்லப்பட்ட முக்கிய விளக்கம். நம் பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்வதிலும் இதே நீர்ப்பூட்டுதான் வேலை செய்கிறது. நாளாகப் புழங்காத கழிப்பறையில் சாக்கடை நாற்றம் வந்தால், பினாயில் தேடுவதற்கு முன் வடிகாலில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கைக்கு வருவோம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டும். கொரோனா போன்ற கொழுப்புறை போர்த்திய வைரஸ்களின் உறையை அது கிழித்துவிடும். நோரோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை. அதனால்தான் ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் சரியாக எடுபடுவதில்லை. சோப்பு நுரையோடு 20 நொடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசும்போது தோலிலிருந்து பெயர்ந்து போகிறது. விரலிடுக்கும் நகக்கண்ணும் அந்தத் தேய்ப்பில் சேர வேண்டும். ஈரக் கை கிருமியை எளிதாக வாங்கும், எளிதாகக் கொடுக்கும். ஆகவே சொந்தக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளையோ கதவையோ தொட வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், நம் கட்டணக் கழிப்பறைகள் பலவற்றில் சோப்பு இருப்பதில்லை. காசு வாங்குகிறவர்களிடம் அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. சுவரில் பாட்டில் மாட்டியிருந்தாலும், கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்பி, தண்ணீரும் கலந்த திரவ சோப்பில் பாக்டீரியா வளர்வதுண்டு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேப்பர் சோப்பு ஒரு சிறு டப்பாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும்போது தயங்காமல் குடியுங்கள்.