கூரையை எடுத்தால் எடை கூடும்

கூரையைக் கழற்றிவிட்டால் கார் லேசாகத்தானே ஆக வேண்டும்? ஆனால் ஒரே மாடலின் மூடிய காரையும், கூரையைத் திறக்கக்கூடிய கன்வெர்ட்டிபிளையும் எடை போட்டால், பெரும்பாலும் கன்வெர்ட்டிபிள்தான் கனமாக இருக்கும்.

காரணம் முறுக்கு விறைப்பு, அதாவது முறுக்கினாலும் நெளியாமல் நிற்கும் தன்மை. மூடி ஒட்டிய அட்டைப்பெட்டியை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், லேசில் அசையாது. மூடியை வெட்டி எடுத்துவிட்டால் நெளிந்துவிடும். காரிலும் கூரை, தூண்கள், தரை எல்லாம் சேர்ந்துதான் முறுக்கு விசையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கூரை போனதும் பாரம் முழுக்கத் தரைத்தளத்தின் மேல் விழுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முன் கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் அதிர்வது இதனால்தான். அதிர்வைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரின் உடல் நெளியும்போது, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களும் நகர்வதால், வளைவில் டயர் சாலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று போட்ட கணக்கே பிசகிவிடுகிறது.

அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களைத் தடிப்பாக்குகிறார்கள், அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்கிறார்கள், முன் கண்ணாடித் தூண்களில் உயர்வலு எஃகைப் புகுத்துகிறார்கள். வெட்டி எடுத்த தகட்டைவிட இவை கனம். காரில் இருக்கை இரண்டே என்றால் அது இங்கே பெரிய உதவி: திறப்பு சிறியது, சக்கரங்களுக்கு இடையே நீளமும் குறைவு, நெளிய இடம் குறைவு. 2012-இல் வந்த மெக்லாரன் 12சி ஸ்பைடர் என்ற இரண்டு இருக்கை கன்வெர்ட்டிபிளில், லேசான ஆனால் உறுதியான கார்பன் ஃபைபரால் ஆன கூடே பாரத்தைத் தாங்கியதால், கூடுதல் வலுவூட்டலே தேவைப்படவில்லை. மூடிய 12சி-யைவிட ஏறிய 40 கிலோவும் கூரைப் பொறியமைப்பால் வந்ததுதான்.

கார் கவிழ்ந்தால்? இருக்கைக்குப் பின்னால் வலுவான வளையம் இருக்கும். 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் அதை மறைத்தே வைத்திருந்தது. ஆபத்தை சென்சார் உணர்ந்தால் 0.3 வினாடியில் எழும்பும்.

சரி, கூரை துணியா, உலோகமா? 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்தபிறகு மடியும் உலோகக் கூரை பிரபலமானது. மூடினால் அமைதி, திறந்தால் மடிந்த கூரையே டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிஎம்டபிள்யூ இசட்4 2009-இல் உலோகத்துக்கு மாறி, 2018-இல் அறிமுகமான தலைமுறையில் துணிக்கே திரும்பியது. அது சுமார் 10 வினாடியில் திறக்கும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக்கொண்டே திறக்கலாம். மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் எளிமை: துணிக்கூரையைக் கையால் பின்னே தள்ள வேண்டியதுதான். மோட்டாரும் இல்லை, அதன் எடையும் இல்லை. சுமார் 1,000 கிலோ காருக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

அப்புறம் காற்று. திறந்த காரில் தொல்லை தருவது முன்னாலிருந்து வரும் காற்றல்ல. முன் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று பிரிந்துபோக, இருக்கைப் பக்கம் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுழன்று வந்து பிடரியில் அடிக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் சிறு வலைத் தடுப்பு அந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. குளிர்காலத்துக்கு அதுவும் போதாது என்று, 2004-இல் வந்த எஸ்எல்கேயில் கழுத்தில் வெதுவெதுப்பான காற்று வீசும் துளைகளை இருக்கையின் தலைப்பகுதியிலேயே வைத்தார்கள்.