நைஜீரியாவில் புது உருவம் எடுத்த மெட்ராஸ் கட்டம்

தெற்கு நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவர் இறந்தால், அவரைக் கிடத்தும் கட்டிலைக் குடும்பத்தின் பழைய துணிகளால் அலங்கரிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்த துணிகள் அவை. அவற்றில் தனி மதிப்புள்ளது, சென்னைப் பக்கமும் ஆந்திரக் கடலோரத்திலும் கைத்தறியில் நெய்து கப்பலேற்றிய கட்டம் போட்ட பருத்தித் துணி. நாம் வீட்டில் சாதாரணமாகக் கட்டும் கைலிக்கு அது நெருங்கிய சொந்தம்.

உலகமயமாதல் என்றதும் எல்லா ஊரும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்ற கவலைதான் முதலில் வருகிறது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் வந்த பொருளை வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது. கலபாரி இனத்தவரான ஆய்வாளர் டோன்யே எரெகோசிமாவும் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐக்கரும் 1980களின் தொடக்கத்தில் இந்தத் துணியை வைத்தே ஒரு விளக்கம் தந்தார்கள். அந்நியப் பொருள் ஒரு சமூகத்துக்குச் சொந்தமாவது நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் பலவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு தங்கள் மொழியில் பெயர் வைக்கிறார்கள். மெட்ராஸ் துணிக்குக் கலபாரிப் பெயர் 'இஞ்சிரி'. அதன்பின் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் அதற்கென்று ஓர் இடம் தருகிறார்கள். கடைசியாக, அந்தப் பொருளையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்தக் கடைசிப் படிதான் என்னை அசர வைக்கிறது. கலபாரிப் பெண்கள் துணியின் நூல்களை ஊசியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுக்கிறார்கள். கட்டத் துணியில் நிறம் நூலிலேயே இருக்கிறது. பாவுக்கும் (நெடுக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நெய்வதற்கு முன்பே சாயம் ஏற்றிவிடுவார்கள். அதனால் ஒரு நூலை உருவினால் அந்த நிறமும் கூடவே போய்விடும். அச்சடித்த துணியில் இப்படி ஒரு நிறத்தை மட்டும் தனியே எடுக்க முடியாது. எந்த நூல் போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்து வேலை செய்யச் செய்ய, பழைய கட்டத்துக்குள்ளிருந்து புதிய கோலம் ஒன்று வெளிப்படுகிறது. துணி சல்லடைபோல் இளகி, உடம்பில் படிந்து விழுகிறது. 'பெலெட்டே பிட்டே' என்று அழைக்கப்படும் இந்தத் துணியைப் பார்த்ததும் உடுத்தியவர் கலபாரி என்று தெரிந்துவிடும். நெய்தவரின் வேலை முடிந்த இடத்தில் இன்னொரு கைவினை தொடங்கியிருக்கிறது.

அவர்களால் இது முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியக் கப்பல்களுக்கும் உள்நாட்டுச் சந்தைகளுக்கும் இடையில் நின்று வணிகம் செய்த கலபாரிகளுக்கு, வேண்டியதை வாங்கவும் வேண்டாததைத் தள்ளவும் வசதி இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு இருந்தது. நம் நெசவின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்படி அட்லாண்டிக் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த பெண்களிடமும் இதே துணி போய்ச் சேர்ந்தது. 1786இல், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த, இன்று அமெரிக்காவில் உள்ள லூசியானாவில் ஆளுநர் மீரோ ஓர் உத்தரவு போட்டார்: கறுப்பினத்தைச் சேர்ந்த சுதந்திரப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதே நோக்கம். அங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரப் பெண்கள் பளிச்சென்ற மெட்ராஸ் துணிகளைத் தேர்ந்தெடுத்து, உயரமாக, அழகழகாகக் கட்டி, தண்டனையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். கரீபியத் தீவுகளான மார்டினிக், குவாதலூப்பிலும் மெட்ராஸ் தலைக்கட்டு வேரூன்றியது. அங்கே அதன் முனைகளின் எண்ணிக்கையே பேசும்: ஒரு முனை என்றால் மனம் இன்னும் யாருக்கும் இல்லை, மூன்று என்றால் மணமானவள். இன்று இன்னொரு கரீபியத் தீவான செயின்ட் லூசியாவின் தேசிய உடையிலும் மெட்ராஸ் கட்டம் இருக்கிறது.

சென்னையிலிருந்து போனது துணி மட்டும்தான். அதன் அர்த்தத்தைக் கலபாரி ஊரான புகுமாவிலும் மார்டினிக்கிலும் இருந்தவர்கள் தங்கள் தேவையிலிருந்து உண்டாக்கிக்கொண்டார்கள். நெய்தவர்களுக்கோ தங்கள் துணி அங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழி குறைவு. ஏற்றுமதிக்காரர் கொடுத்த மாதிரியைப் பார்த்து நெய்தார்கள், அவ்வளவுதான். சரக்கு போன பாதையில் சேதி திரும்பி வரவில்லை. நம் நெசவு வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகங்களில், பாவும் ஊடையும் தறியும் இருக்கும் அதே கூடத்தில், நூல் உருவிய ஒரு பெலெட்டே பிட்டே துணியும் இருக்க வேண்டும். அதை அறுத்த பெண்ணின் பெயரோடு.