விடலை: டீன்ஏஜருக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல்

பஸ் படிக்கட்டில் நாலு பையன்கள் தொங்கிக்கொண்டு போனால், டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "விடலைப் பசங்க, எங்க உருப்படப் போவுது!" அடங்காதவன், பொறுப்பில்லாதவன், தறுதலை என்று எல்லா வசவும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். அதனால்தான் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகப் பேச நினைக்கிறவர்கள் 'டீன்ஏஜர்' என்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. விடலை ஒரு காலத்தில் பாராட்டுச் சொல்.

முதலில் டீன்ஏஜரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரை எண்ணுப்பெயர்கள் 'டீன்' என்று முடியும். அந்த டீன், பத்தைக் குறிக்கும் சொல்லின் இன்னொரு வடிவம். அந்த வயதுக்காரர்களைத் தனிக் கூட்டமாகப் பார்த்து டீன்ஏஜர் என்று அழைப்பது 1940-களில் அமெரிக்காவில் பரவிய வழக்கம். அதைத் தமிழாக்கப் போய்த்தான் பதின்பருவம், பதின்ம வயது என்றெல்லாம் சொன்னோம். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பதினொன்றிலேயே 'பதின்' வந்துவிடுகிறது. ஆனால் 11 வயதுப் பிள்ளை டீன்ஏஜர் கிடையாது. பத்தொன்பதில் 'பதின்' இல்லை. 19 வயதுப் பையனோ டீன்ஏஜர். தைத்த சட்டை தோளிலும் இடிக்கிறது, இடுப்பிலும் இடிக்கிறது.

சரி, விடலைக்கு வருவோம். சங்கப் பாடல்களில் விடலை என்றால் இளம் வீரன், பாலை நிலத்துத் தலைவன். இளங்காளைக்கும் அந்தப் பெயர் உண்டு. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பிற்காலப் பாட்டியல் நூல்கள் ஆணின் பருவங்களுக்குப் பெயர் அடுக்கும்போது அதில் விடலையும் ஒன்று. விடு என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால், அவிழ்த்துவிட்ட கன்றுபோல் இருக்கிற வயது என்று எனக்குத் தோன்றும்.

குறுந்தொகையின் 15-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. ஒரு பெண் தான் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். வளர்த்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் அதைச் சொல்ல வருகிறாள். இன்றைக்கு நம் தெருவில் இது நடந்தால் அந்தப் பையனுக்கு என்னென்ன பெயர் கிடைக்கும்! அவள் சொல்வதோ இப்படி:

"சேயிலை வெள்வேல் விடலையொடு
தொகுவளை முன்கை மடந்தை நட்பே"

காலில் கழலும் கையில் வெள்வேலும் கொண்ட விடலையோடு, முன்கை நிறைய வளையல் போட்ட நம் பெண் கொண்ட நட்பு, சொன்ன சொல் தவறாதவர்கள் என்று பேர்பெற்ற நாலூர்க் கோசரின் சொல்போல மெய்யாகிவிட்டது என்கிறாள். பேசுகிறவள் பெரியவள். பெண்ணைப் பறிகொடுத்தவள். அவள் வாயில்தான் விடலை இவ்வளவு அழகாக வருகிறது.

அப்புறம் ஏன் இறங்கியது? காளை இறங்கவில்லை, மாட்டையும் ஆளையும் இன்றைக்கும் பெருமையாகத்தான் காளை என்கிறோம். விடலை மட்டும் திண்ணைப் பேச்சில் மாட்டிக்கொண்டது. அந்தந்தத் தலைமுறைப் பெரியவர்கள் தங்கள் காலத்துப் பையன்களைக் குறைசொல்லிச் சொல்லியே அதைத் தேய்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். என் தாத்தா நீளமுடிப் பையன்களைக் கண்டால் 'விடலைக் கூட்டம்' என்று முகம் சுளிப்பார். அவர் 17 வயதில் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டு வந்தபோது, அவருடைய அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பேசிய முதல் வார்த்தையும் "விடலைப் பயலே"தானாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இளந்தாரி என்றும் ஒரு நல்ல சொல் தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. ஆனால் அது கல்யாண வயதுப் பையனைத்தான் அதிகம் சுட்டும். மீசை அரும்பி, குரல் உடைந்து, கதவைச் சாத்திக்கொள்கிற வயதுக்கு விடலைதான் சரி. டீன்ஏஜ் என்று எழுதும் இடத்தில் விடலைப் பருவம் என்று எழுதலாம். இன்று அது இருபாலாருக்கும் பொருந்தும். டீன்ஏஜர்களை விடலைப் பிள்ளைகள் என்று சொல்லலாம். 'பசங்க' என்பதைப் 'பிள்ளைகள்' என்று மாற்றினாலே பாதி வசவு போய்விடுகிறது.