கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

வாசிப்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. டொரொன்டோவில் சில வருடங்களாக யூதப் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். நாளில் பாதி எபிரேயமும் சமயப் பாடமும், மீதிப் பாதி ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று ஓடும் பள்ளிகள்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். "ஆங்கிலம்தான் வரவில்லை, எபிரேயம் நன்றாக வாசிக்கிறான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். காலை ஜெபத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'ஷெமா' ஜெபத்தின் முதல் வரிக்கு வலக்கையால் கண்ணைப் பொத்திக்கொள்வது யூதர் வழக்கம். அவனும் பொத்திக்கொண்டு கணீரென்று சொன்னான். கையை எடுத்த பிறகும் ஒரு சொல் பிசகவில்லை. ஆனால், வரியோடு ஓட வேண்டிய விரல் அடுத்த பத்தியில் நின்றிருந்தது. பிறகு தனியறையில், அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு சங்கீதத்தை, அதாவது வேதத்திலுள்ள துதிப்பாடலை, திறந்து வைத்தேன். மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். காது மடல் சிவந்துபோனது.

மனப்பாடம் வாசிப்புச் சிக்கலை மறைத்துவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தேவாரத்தை மளமளவென்று ஒப்பிக்கும் நம் பிள்ளைகளிடமும் இதைக் கண்டிருக்கிறேன்.

எபிரேயத்தில் 22 எழுத்துகள், எல்லாம் மெய். உயிரொலிக்கு எழுத்தைச் சுற்றிப் புள்ளியும் கோடும் இடுவார்கள், அதற்கு 'நிக்குத்' என்று பெயர். சின்ன வகுப்புப் புத்தகங்களில் அது இருக்கும். ஒன்பது, பத்து வயதில் அது இல்லாத பக்கங்கள் வர ஆரம்பிக்கும். காலையும் கொம்பையும் எடுத்துவிட்டால் நமக்குக் கல், கால், கோல் மூன்றும் ஒன்றாகிவிடும் அல்லவா, அந்த நிலைதான். போதாததற்கு, பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) தோராவுக்கு, அதாவது யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களுக்கு, எழுதிய உரையையும் பல பள்ளிகளில் அப்போதுதான் தொடங்குகிறார்கள். அது அச்சாகும் எழுத்தின் வடிவமே வேறு. ஐந்து வயதில் வேதம், பத்தில் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள் என்று 'பிர்க்கே அவோத்' என்ற பழைய அறநூல் வயதுக் கணக்கே வைத்திருக்கிறது. பதின்மூன்றில் பார் மிட்ஸ்வா, பையன் சமயக் கடமைகளுக்குப் பொறுப்பேற்கும் சடங்கு. சபை முன்னால் தோராச் சுருளிலிருந்து வாசிக்க வேண்டும். சுருளில் நிக்குத்தும் இல்லை, எந்த ராகத்தில் வாசிப்பது என்று காட்டும் இசைக்குறியும் இல்லை. அதுவரை யாரும் கவனிக்காத பிள்ளை ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்து அதையும் கடந்துவிடும். வாசிப்பு மட்டும் வந்திருக்காது.

அதனால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் சோதித்துப் பாருங்கள் என்று பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் மன்றாடிக் கேட்கிறேன். ஜெபப் புத்தகத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. தெரியாத பகுதியைக் கொடுத்து, வரியின் நடுவிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் படித்தான். ஒன்றுக்கு மூலை கூர்மை, மற்றதற்கு வளைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷெமாவின் முதல் வரியில் கடவுளைக் குறித்து வரும் 'ஏகாத்', அதாவது 'ஒருவர்' என்ற சொல் தாலெத்தில் முடிகிறது. அதை ரேஷாகப் படித்தால் 'அகேர்', 'வேறொருவர்' என்று பொருளே கவிழ்ந்துவிடும். தோராச் சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. அவனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ பெரியவங்களுக்கும் குழம்புமா, மிஸ்?" என்று கேட்டான்.

"சோம்பேறி, பக்தி இல்லை" என்று இப்படிப்பட்ட பிள்ளையைச் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. இந்த மரபிலேயே ரபி பெரெய்தா என்பவர் இருக்கிறார். ஒரு மாணவனுக்கு ஒவ்வொரு பாடத்தையும் நானூறு தடவை சொல்லிக்கொடுப்பாராம். ஒருநாள் அப்படியும் ஏறவில்லை என்றதும் இன்னொரு நானூறு தடவை சொன்னாராம். யூதச் சமய நூலான தல்மூத் சொல்லும் கதை. வெட்கப்படுகிறவன் கற்க முடியாது, சிடுசிடுக்கிறவன் கற்பிக்க முடியாது என்று பழைய யூத ஞானி ஹில்லெல் சொன்னதும் இந்த மரபில்தான்.

இன்னொன்று: டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தை மட்டும் சோதித்து எழுதப்படுகிறது. அதனால் நாளின் அடுத்த பாதியில் அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைப்பதில்லை. எபிரேய வகுப்புக்கும் சேர்த்து உதவி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

அந்தப் பையனின் பக்கங்களை இப்போது பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம். ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிய அட்டை ஒன்று அவன் பையில் இருக்கிறது. வகுப்பில் அவன் வாசிக்க வேண்டிய வரி முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறது.