குழந்தைகள் தூங்கும் நேரம் உங்களுக்கு ஓய்வு நேரம் அல்ல

வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ஆய்வுக்குப் போனால் வரவேற்பறை பளிச்சென்று இருக்கும், முதலுதவிப் பெட்டி கண்ணில் படும்படி தொங்கும். மதியம் குழந்தைகளைத் தூங்க வைத்திருக்கும் அறையில்தான் வயிறு கலங்கும். நாலு மாதக் குழந்தை சோபாவில் குப்புறக் கிடக்கும், இரண்டு பக்கமும் தலையணை அணைப்பு. கேட்டால், "மூணு பிள்ளை வளர்த்தவ நான், எனக்குத் தெரியாதா?"

அந்த அனுபவம் பெரிதுதான். ஆனால் அந்த மூவரும் ஒரே வயதில் ஒரே அறையில் தூங்கவில்லையே!

குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்று சொன்னால் அடுத்து வருவது, "மல்லாக்கப் போட்டா எதுக்களிக்கிற பால் மூச்சுக்குழலுக்குப் போயிடும்." எத்தனை முறை விளக்கினாலும் இது ஒழியமாட்டேன் என்கிறது. கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் இருப்பது மூச்சுக்குழல், அதன் பின்னால் உணவுக்குழல். குழந்தை மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் போக மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறப் போட்டால் மூச்சுக்குழல் கீழே வந்துவிடும், பால் அந்தப் பக்கமே வழியும். எதற்குப் பயப்படுகிறீர்களோ, அதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். ஒருக்களித்துப் போட்டாலும் குப்புற உருண்டுவிடும். "குப்புறப் போட்டா அசந்து தூங்குது" என்பதும் உண்மைதான். மூச்சு முட்டும்போது விழித்துக்கொள்ள வேண்டிய குழந்தை அந்த அசதியில் விழிப்பதில்லை. வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் பல மடங்கு. அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கத் தூங்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குழந்தை தானாக இரண்டு பக்கமும் புரளத் தொடங்கிய பிறகும் படுக்க வைப்பது மல்லாக்கத்தான். அதன் பின் அதுவாகப் புரண்டால் விட்டுவிடலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு கட்டில். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மெத்தை கெட்டியாக, அழுத்தினால் குழியாததாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை வேண்டாம். ஒரு வயது வரை தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. குளிர்ந்தால் உடுப்பில் ஒரு அடுக்கு கூட்டுங்கள். கழுத்துக் கயிறு, உமிழ்நீர்த் துணியைக் கழற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். கார் இருக்கையில் தூங்கிப்போய் வந்த குழந்தையை உடனே கட்டிலுக்கு மாற்றுங்கள்; தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் முட்டினால் மூச்சுவழி மடங்கிவிடும். முகத்தின் நிறம் தெரியும் அளவுக்கு அறையில் வெளிச்சம் இருக்கட்டும். கேமரா போதாது; 10 நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போது எண்ணிக்கை. "ரெண்டு குழந்தை கூடினா என்ன?" அறையில் புகை சூழ்ந்தால் உங்களால் எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? கை இரண்டுதான். நடக்கத் தெரியாத குழந்தைகளின் எண்ணிக்கைக்கு, இப்படிப்பட்ட இடங்களுக்கான உரிம விதிகள் தனி வரம்பு வைப்பது இதனால்தான். பல விதிகளில் உங்கள் சொந்தச் சின்னப் பிள்ளையும் கணக்கில் உண்டு. பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் கணக்கில், கடைக்குப் போன உதவியாளர் இல்லை. தீ ஒத்திகையை மாதம் ஒருமுறை, அதுவும் தூக்க நேரத்தில், கையில் பெயர்ப் பட்டியலோடு செய்து பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானையும் அன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வாளியில் 5 செ.மீ. தண்ணீர் போதும், குழந்தை மூழ்க. காலி செய்து கவிழ்த்து வையுங்கள். குழாய் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பொத்தான் அளவிலான வட்டச் சின்ன பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழல் வெந்துவிடலாம். அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெற்றோர் எழுதித் தராத மருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம்.

பெற்றோரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் தேதியையும் அனுமதித்த எண்ணிக்கையையும் படித்துவிட்டு, அங்கே இருக்கும் தலைகளை எண்ணுங்கள். ஒரு நாள் மதியம் சொல்லாமல் போய் நில்லுங்கள். தூங்கும் அறையைக் காட்டத் தயங்கினால், அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.